முற்றத்தில் சில்லு மாற்றுதல்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நேர்வழியில் வல்லை வெளி வரும். மரநிழல் இல்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடில்லை. சோழகம் வீசும் மாதங்களில் நிறுத்திய கார்கூட மெல்ல ஆடும். அந்த வெளியில் ரயர் காற்றுப் போய் நிற்கும்போதுதான் பலர் முதன்முதலாகத் தங்கள் காரின் ஜக் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். சில்லு மாற்றப் பழகுவதற்கு அதைவிடக் கெட்ட இடமும் நேரமும் கிடையாது.

ஆகவே இந்த அத்தியாயம் வீட்டு முற்றத்துக்கானது. பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத ஒரு நாளில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, காற்றுப் போகாத சில்லு ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் மாட்டிப் பாருங்கள். பிறகு நான்கு சில்லையும் முன்னும் பின்னுமாக இடம் மாற்றிப் பாருங்கள். இந்த இடமாற்றம் வெறும் பயிற்சி அல்ல. முன்சில்லு இழுக்கும் கார்களில் முன் ரயர்கள் பின் ரயர்களைவிட விரைவாகத் தேயும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்து முடியும். ரயர் விற்கிற இன்றைய விலைக்கு இது கணிசமான சேமிப்பு.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த வேலை புதிதல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். அதனால் மொன்றியலில் இருக்கும் தமிழர்களின் கார்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை சில்லு மாறும். பலர் அதை வீட்டு வாசலிலேயே தாங்களாகச் செய்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அண்ணாவோ மச்சானோ கைதேர்ந்தவராக இருந்தால் அவரிடம் கேட்டுப் பழகலாம். ஆனால் அவர் பழகியது கொங்கிறீற் போட்ட சமதரையில். எங்கள் முற்றம் மணல். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிலம்

காரோடு வரும் கத்தரிக்கோல் ஜக்கின் அடிப்பாகம் உள்ளங்கையிலும் சற்றுத்தான் பெரிது. ரொயோட்டா அக்குவா போன்ற காரின் எடை ஏறக்குறைய 1,080 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் ஒரு முன் மூலையைத் தூக்கும்போது 300 கிலோவுக்கு மேல் அந்தச் சிறிய தகட்டின்மேல் இறங்கும். மணலில் அது நேராகப் புதையாது, ஒரு பக்கமாகச் சரிந்து புதையும். ஜக் சரிந்தால் கார் பக்கவாட்டில் விழும்.

போட்டிக்கோவில் சீமெந்துத் தரை இருந்தால் அங்கேயே செய்யுங்கள். அது சமதரையா என்று மட்டும் பாருங்கள், மழைநீர் ஓடுவதற்காகப் பல தரைகளைச் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். மணல் முற்றம்தான் என்றால் ஜக்குக்கு அடியில் பலகை வேண்டும். நீள அகலம் ஓரடியாவது இருக்கட்டும், தடிப்பு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பழைய வீடு பிரித்த தீராந்தியிலோ பனஞ்சிலாகையிலோ வெட்டிக்கொள்ளலாம். பனை நார்வழியே பிளக்கும் என்பதால் இரண்டு அடுக்கை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஆணி அடித்துவிடுங்கள். பலகை வைக்கும் இடத்தில் தளர்ந்த மேல்மணலை மண்வெட்டியால் வழித்து, மிதித்து இறுக்குங்கள். மாரியில் மழை பெய்து ஊறிய முற்றத்தில் இந்த வேலையே வேண்டாம். இரண்டு நாள் வெயில் காயட்டும்.

சீமெந்துக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வீடு கட்டி மிஞ்சிய கல் எல்லா வளவிலும் கிடக்கும், கையும் தானாக அதற்குத்தான் போகும். ஜக்குக்கு அடியிலோ காரைத் தாங்கவோ அதை ஒருபோதும் வைக்காதீர்கள். பாரம் பரவலாக இறங்கும் சுவரில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். காரின் பாரம் ஒரு மூலையில் குத்தினால் முன்னறிவிப்பு எதுவுமின்றி நொறுங்கிப்போகும். மரம் முறியுமுன் சத்தம் தரும், சீமெந்துக் கல் தராது. சுண்ணக்கல்லுக்கும் இதே விதிதான். உருண்டைத் தென்னங்குற்றியும் உதவாது, உருளும்.

கார் ஏன் உருள்கிறது

ஹான்ட் பிறேக்கை இழுத்து, கியரிலும் போட்டால் கார் அசையாது என்று நம்புகிறோம். நான்கு சில்லும் நிலத்தில் இருக்கும்வரை அது சரி. ஒன்று நிலத்தை விட்டு எழும்பியதும் கணக்கு மாறிவிடும்.

கியரும், ஓட்டோ காரின் ‘பி’ நிலையும் எஞ்சினால் ஓடும் இரண்டு சில்லையும் டிபரன்சியல் வழியாகச் சேர்த்துப் பிடிக்கின்றன. அந்த இரண்டில் ஒன்று அந்தரத்தில் இருந்தால் அது எதிர்ப்பக்கம் சுழல, மற்றது தாராளமாக உருளும். அதாவது முன்சில்லு இழுக்கும் காரில் முன்சில்லு ஒன்றைத் தூக்கிய கணமே கியரின் பிடி போய்விடுகிறது. மிஞ்சுவது ஹான்ட் பிறேக். அது பெரும்பாலான கார்களில் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். கேபிள் தளர்ந்த பழைய காரில் அந்தப் பிடியும் அரைகுறை. பின்சில்லு ஓடும் பழைய ஒஸ்ரினிலும் மொறிசிலும் பல வான்களிலும் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு பின்சில்லைத் தூக்கினால் கியரும் பிடிக்காது, ஹான்ட் பிறேக்கும் ஒரே ஒரு சில்லைத்தான் பிடிக்கும்.

ஆகவே கட்டை வையுங்கள். முன்பக்கம் தூக்கினால் பின்சில்லுகளுக்கு, பின்பக்கம் தூக்கினால் முன்சில்லுகளுக்கு, ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் வையுங்கள். முக்கோணமாக அறுத்த மரக்கட்டை நல்லது. இல்லாவிட்டால் பெரிய கல் போதும். இங்கே கல் காரின் பாரத்தைத் தாங்கவில்லை, உருளாமல் தடுக்க மட்டுமே நிற்கிறது. மணலில் கல் வழுகும் என்பதால் கொஞ்சம் தட்டி இறக்கி ரயரோடு ஒட்ட வையுங்கள்.

ஹைபிரிட் காரானால் முழுவதும் நிறுத்திவிட்டுச் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சத்தமில்லை என்பதற்காக அது நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகளை விறாந்தைக்கு அனுப்புங்கள், நாயைக் கட்டுங்கள்.

நட்டை அவிழ்ப்பது

ஜக்கைத் தொடுமுன், சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு நெம்பினால் சில்லும் சுற்றும், காரும் ஆடும். ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள், அதற்குமேல் வேண்டாம்.

சில்லைப் பார்த்தபடி நின்று, ஸ்பனரின் கைபிடி இடப்பக்கம் நீட்டி நிற்குமாறு மாட்டிக் கீழ்நோக்கி அழுத்தினால் நட் தளரும். வலப்பக்கம் நீட்டி நிற்குமாறு மாட்டிக் கீழ்நோக்கி அழுத்தினால் இறுகும். காரின் எந்தப் பக்கச் சில்லுக்கும் இது ஒன்றுதான். மேல்நோக்கி இழுத்தால் முதுகு பிடிக்கும், ஸ்பனரும் வழுக்கி முகத்தில் அடிக்கலாம். எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துங்கள். சுசுகி, ஹொண்டா கார்களுக்குப் பெரும்பாலும் 19 மில்லிமீற்றர் ஸ்பனர், ரொயோட்டாவுக்கு 21. பொருந்தாத ஸ்பனரால் முயன்றால் நட்டின் முனை மழுங்கும், பிறகு கராஜில்தான் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட் கைக்கு அசையாமல் போகலாம். அப்போது கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் கைபிடியின் நுனியை மெல்ல மெல்ல அழுத்தலாம். மேலே ஏறித் துள்ளக் கூடாது. பருத்தித்துறைக் கடல் எங்களுக்குத் தூரமில்லை, உப்புக் காற்று நட்டையும் ஹப்பையும் விரைவாகத் துருப்பிடிக்க வைக்கும். துரு இறுகியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே சிறிது விட்டுவைத்து, மாட்டுமுன் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

தூக்குவது

ஜக் வைக்கும் இடம் எல்லாக் காரிலும் குறிக்கப்பட்டிருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன்சில்லுக்குச் சற்றுப் பின்னாலும் பின்சில்லுக்குச் சற்று முன்னாலும் இரண்டு வெட்டுகள் தெரியும். அந்த வெட்டுகளுக்கு இடையில் ஜக்கின் தலை உட்கார வேண்டும். ஓரடி தள்ளி வைத்தால் தகடு உள்ளே மடியும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் இன்னும் ஓடுகின்றன. பெற்றோல் தடை செய்யப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஊரையே சுமந்த கார்கள் அவை, அவற்றைப் பேணுகிறவர்களை மதிக்கத்தான் வேண்டும். மொறிஸ் மைனரில் ஜக் செருகும் குழி காரின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் இருக்கும், அந்தப் பக்கத்து இரண்டு சில்லையும் ஒன்றாகத் தூக்குவதற்காக அமைத்தது. பல பத்தாண்டு துருவுக்குப் பிறகு அந்தக் குழியை நம்ப முடியாது. தூக்கும்போது ஜக் மட்டும் மேலே போய்க் கார் அப்படியே நிற்கும். அப்படிப்பட்ட காரில் பின்பக்கம் அச்சின் அடியில், ஸ்பிறிங் பூட்டிய இடத்துக்கு அருகே, போத்தல் ஜக் வைத்துத் தூக்குவதே சரி. காரை அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் இடத்தைக் கேட்டு, சோக்கட்டியால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஜக்கின் தலை தகட்டைத் தொட்டதும் நிறுத்தி, சற்றுத் தள்ளிப் போய்ப் பாருங்கள். நேராக நிற்கிறதா? பலகையின் நடுவில் இருக்கிறதா? பிறகு மெல்லத் தூக்குங்கள். சில்லு எழும்பியவுடன் மறுபடி நிறுத்திப் பாருங்கள். சரிவு தெரிந்தால் இறக்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். சரிந்து நிற்கும் ஜக்கைத் தட்டி நேராக்க முயலாதீர்கள். நல்ல சில்லு மாட்டுவதற்கு நிலத்திலிருந்து மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி போதும்.

இனி, கழற்றுமுன், ஸ்பெயார் சில்லைக் காருக்கு அடியில், ஜக்குக்குப் பக்கத்தில், படுக்கையாகத் தள்ளி வையுங்கள். ஜக் விழுந்தால் கார் அதன்மேல் இறங்கும், நிலம்வரை போகாது. கழற்றிய சில்லை அங்கே வைத்துவிட்டு ஸ்பெயாரை வெளியே இழுத்து மாட்டுங்கள். ஜக் ஸ்டான்ட் ஒன்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. எது இருந்தாலும், கையோ காலோ தலையோ காருக்கு அடியில் போகக் கூடாது. ஜக் தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானது அல்ல. உருண்டு போன நட்டை எடுப்பதற்குக்கூடக் கையை உள்ளே விடாதீர்கள், ஒரு தடியால் இழுத்தெடுங்கள்.

நட்டுகளை மணலில் போடாமல் பால்மாப் பேணி ஒன்றில் போட்டுவையுங்கள். மரையில் ஒட்டிய மணல், இறுக்கும்போது மரையையே அரைக்கும்.

நட்டெல்லாம் எடுத்த பிறகும் சில்லு வராமல் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் கரையோர ஊர்களில் சாதாரணம். ஹப்பும் றிம்மும் துருவால் பிணைந்திருக்கும். காரைத் தூக்கிய நிலையில் சம்மட்டியால் அடித்தால் ஜக் நழுவும். நட்டுகளை மறுபடி நான்கு சுற்று ஏற்றி, காரை இறக்கி, நிலத்தில் நிற்கும்போது ரயரின் பக்கத்தைக் காலால் பலமாக உதையுங்கள். இரண்டு மூன்று உதையில் விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் அன்றோடு நிறுத்திக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

மாட்டுவது

சில்லு வெளியே இருக்கும்போது ஹப்பின் முகத்தையும் றிம்மின் உட்பக்கத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை உதிருங்கள். துரு இடையில் இருந்தால் நட் இறுகியதுபோலத் தோன்றும், ஓட ஓடத் துரு நொறுங்கித் தளர்ந்துவிடும். மரையில் எண்ணெயோ கிறீசோ பூசும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய் இட்ட மரையில் அதே அழுத்தத்துக்கு நட் அளவுக்கு மேல் இறுகி, போல்ற் இழுபடும்.

ரயரையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு நேராக ஓடவில்லை, அலைன்மன்ற் பார்க்க வேண்டும். வெட்டுகளுக்குள் சிறிய மேடுகள் தெரியும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. எங்கள் வெயிலில் ரப்பர் விரைவாக முதிரும், ஆகவே தேயாத ரயரும் பழையதானால் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நட்டின் கூம்பிய பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். விரலால் ஏற்றுங்கள், ஸ்பனரால் தொடங்காதீர்கள். விரலுக்கு வராமல் முட்டினால் மரை மாறி ஏறுகிறது, திருப்பி எடுத்து மறுபடி ஏற்றுங்கள். நான்கு நட் என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்றாக இறுக்குங்கள். வரிசையாகச் சுற்றி இறுக்கினால் சில்லு ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். காரை இறக்கி, சில்லு நிலத்தைத் தொட்ட பிறகே கடைசி இறுக்கு.

எவ்வளவு இறுக்குவது? ரொயோட்டா சொல்லும் அளவு 103 நியூற்றன் மீற்றர், ஹொண்டா 108, சுசுகியின் சிறிய கார்கள் பலவற்றுக்கு 85. உங்கள் காரின் கைநூலில் சரியான எண் இருக்கும். ரோர்க் ரென்ச் இருந்தால் அந்த எண்ணை வைத்து இறுக்குங்கள். இல்லாவிட்டாலும் கணக்குப் போடலாம். ஸ்பனரின் கைபிடி 30 சென்ரிமீற்றர் என்றால், அதன் நுனியில் 35 கிலோ பாரம் அழுத்தினால் 103 வரும். 85க்கு 29 கிலோ போதும். குளியலறைத் தராசு ஒன்றை நிலத்தில் வைத்து, குனிந்து இரண்டு கையாலும் அழுத்தி, முள் 35இல் நிற்கும்வரை பாருங்கள். அந்த அழுத்தத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும். பெலசாலியான ஆள் தேவையென்று எண்ணி இந்த வேலையைப் பெண்பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்காமல் விடுவது தவறு. 35 கிலோவை அழுத்தும் பெலம் கார் ஓட்டும் எவருக்கும் உண்டு. உண்மையில் பெரிய தீங்கு மற்றப் பக்கத்தில்தான் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் அதே கைபிடியின் நுனியில் ஏறி நின்றால் 176 நியூற்றன் மீற்றர். போல்ற் இழுபடும், பிறேக் தட்டு நெளியும், அடுத்தமுறை வழியில் நின்று அவிழ்க்கவும் முடியாது. இறுக்குவதற்குக் கைபிடியில் இரும்புப் பைப் மாட்டவே கூடாது.

நான்கையும் இடம் மாற்றுவது

முன்சில்லு இழுக்கும் காரில் முன்னிரண்டும் அதே பக்கத்தில் பின்னுக்குப் போகும். பின்னிரண்டும் பக்கம் மாறி முன்னுக்கு வரும். ரயரின் பக்கத்தில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றாமல் முன்பின் மட்டும் மாற்றுங்கள்.

ஒரு ஜக்கை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று பலர் மலைக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்கிவிடுகிறவர்களும் உண்டு, அது வேண்டாத ஆபத்து. ஸ்பெயார் சில்லை இடம் நிரப்பியாகப் பயன்படுத்தினால், ஒரு நேரத்தில் ஒரு மூலைக்கு மேல் தூக்கவே தேவையில்லை. முதலில் முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்பெயாரை மாட்டுங்கள். கழற்றிய சில்லைப் பின் இடதுக்கு மாட்டுங்கள். பின் இடதிலிருந்து வந்ததை முன் வலதுக்கும், முன் வலதிலிருந்து வந்ததைப் பின் வலதுக்கும் மாட்டுங்கள். கடைசியாக முன் இடதில் இருக்கும் ஸ்பெயாரை எடுத்துவிட்டுப் பின் வலதிலிருந்து வந்ததைப் போடுங்கள். ஐந்து தடவை தூக்கினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு சில்லும் எங்கிருந்து வந்தது என்று கழற்றியவுடன் சோக்கட்டியால் எழுதிவிடுங்கள், மூன்றாவது சில்லில் எல்லாருக்கும் குழப்பம் வரும். மூலை மாறும்போது கட்டைகளையும் மாற்ற மறக்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து வந்த சிறிய ஹைபிரிட் கார்கள் பலவற்றில் ஸ்பெயார் சில்லே இல்லை, ஓட்டை அடைக்கும் மருந்தும் சிறிய பம்மும்தான் இருக்கும். உங்களுடையது அப்படியானால் இடமாற்றத்தை ரயர் கடைக்கே விடுங்கள். டிக்கியைத் திறந்து இன்றே பார்த்துவிடுவது நல்லது. மெல்லிய தற்காலிகச் சில்லு இருந்தால் அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் அதில் ஓடக் கூடாது.

வழியில் காற்றுப் போனால்

வீட்டில் பழகியவர் வழியில் செய்யவேண்டியது அதே வேலைதான், இடத்தைத் தெரிவதுதான் புதிது. எங்கள் நாட்டில் இடப்பக்கம் ஓடுவதால் இடச்சில்லு காற்றுப் போனால் வீதிக்கு முதுகு காட்டாமல் வேலை செய்யலாம். வலச்சில்லு என்றால் ஓடிவரும் பஸ்ஸுக்கும் லொறிக்கும் முன்னால் குந்தியிருக்க வேண்டிவரும். அப்போது ரயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெல்ல உருட்டி அடுத்த ஒழுங்கைக்குள்ளோ கோயில் வாசலுக்கோ கொண்டுபோங்கள். ரயர் போனால் வாங்கலாம். இரவில் வல்லை வெளியில் நின்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஆட்களை வீதியை விட்டு இறக்கி, உதவிக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சில்லு மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி அதே அளவுக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் ஒருமுறை போய்வந்தால் அந்தத் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். காற்றையும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, ரயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கலாம். ஸ்பெயாரையும் சேர்த்துப் பாருங்கள், அடுத்தமுறை பெற்றோல் அடிக்கப் போகும்போதே அதற்கும் காற்றடித்துக்கொண்டு வாருங்கள்.